மெட்டு வருது, நிற்க மாட்டேங்குது!

இசை கேள்வி-பதில்

ஓய்வு நேரத்தில் மெட்டுக் கட்டிப் பார்க்கும் வாசகர்கள் எல்லையோர ஊர்களிலிருந்து நிறையவே எழுதியிருக்கிறார்கள். இந்த இதழுக்கு ஐந்து கேள்விகள்.

கேள்வி: பஸ் புளியரை தாண்டும்போது மெட்டு வருகிறது. செல்போனில் முனகிப் பதிந்துகொள்கிறேன். வீட்டுக்கு வந்து கீபோர்டில் வைத்தால் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, தாளமும் நிற்கவில்லை. மெட்டே தப்பா, ஐயா?
*வாசகர், செங்கோட்டை*

பதில்: மெட்டில் தப்பில்லை, சுருதிதான் நழுவுகிறது. பக்கத்தில் சுருதி ஒலிக்காமல் முனகினால் நாலு வரி முடிவதற்குள் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) இறங்கிவிடுவது நன்றாகப் பாடுகிறவர்களுக்கும் நடக்கும். முதல் வரி 1½ கட்டையிலும் கடைசி வரி 1 கட்டையிலும் இருந்தால் கீபோர்டில் எங்கே வைத்தாலும் பாதி மெட்டு இடறும்.

பஸ்ஸில் பதிந்ததை நினைவுக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, சூடு ஆறுவதற்குள், சுருதிப்பெட்டி செயலியை இயர்போனில் ஓடவிட்டு அதே மெட்டை மறுபடி பாடிப் பதியுங்கள். ஆண் குரலுக்கு 1 முதல் 2 கட்டை, பெண் குரலுக்கு 5 முதல் 6 கட்டை பெரும்பாலும் ஒத்துவரும். கீபோர்டில் சி என்பது 1 கட்டை, அடுத்த கறுப்பு 1½, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6. வரி முடிந்து மூச்சு விடும்போது எந்தச் சுரத்தில் மனசு அடங்குகிறதோ, அநேகமாக அதுதான் ஷட்ஜம், அதாவது 'ச'. அது கையில் கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பிடித்துவிடலாம்.

தாளத்துக்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் (தட்டு), அட்சரத்துக்கு 4 கட்டம், ஆக ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32 கட்டம். சுரத்தை அதனதன் கட்டத்தில் எழுதி, நீளும் இடத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு கால்புள்ளி, இரண்டு கட்டத்துக்கு ஒரு அரைப்புள்ளி போடுங்கள். எழுத எழுதத்தான் கோளாறு எங்கே என்று தெரியும். பத்துக்கு எட்டு தடவை அது எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில், இருக்கும். பாட்டு தட்டிலேயே ஆரம்பிக்கிறது என்று நினைத்து முதல் எழுத்தை முதல் கட்டத்தில் வைத்திருப்பீர்கள். மெட்டு உண்மையில் அரைத் தட்டு தள்ளி, மூன்றாவது கட்டத்தில் எடுக்கும். எழுதியதை அப்படியே இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்த்திப் பாடிப் பாருங்கள். அழுத்தம் விழும் எழுத்தெல்லாம் தட்டில் வந்து உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நிமிஷத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஒரு ஆதி ஆவர்த்தனம் 6 விநாடி. மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 30 ஆவர்த்தனம். முதல் முயற்சியில் அவ்வளவு தூரம் போகாதீர்கள். பல்லவிக்கு 4 ஆவர்த்தனம், 24 விநாடி போதும். அதை முழுசாக முடித்து, எழுதி, மறுநாள் நோட்டைப் பார்த்தே பாட முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் கவிதைக்கு நானே மெட்டுப் போட்டேன். நான் எழுதியது 'மலையிலே'. கேட்ட அக்கா, 'மாலையிலே என்னடி நடந்துச்சு?' என்கிறாள். மெட்டை மாற்ற மனசில்லை. என்ன செய்யலாம்?
*வாசகி, கொழிஞ்சாம்பாறை*

பதில்: உங்கள் அக்காவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. 'ம'வை மூன்று கட்டம் இழுத்தால் தமிழ்க் காதுக்கு அது 'மா'தான். மலை மாலையாகும், படம் பாடமாகும், விடு வீடாகும், தொடு தோடாகும். எத்தனை இனிமையான மெட்டாக இருந்தாலும் இதை மன்னிக்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. பாட்டைக் கேட்பவர் அர்த்தத்தைத் தேடித் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் மெட்டு கைவிட்டுப் போகிறது.

மெட்டை மாற்றாமலே சரிசெய்யலாம். 'மலையிலே'க்கு இரண்டு தட்டு, அதாவது 8 கட்டம், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ம-வுக்கு 3, லை-க்கு 1, யி-க்கு 1, லே-க்கு 3 என்று பிரித்திருப்பீர்கள். ம-வுக்கு 1, லை-க்கு 3 என்று மாற்றுங்கள்; மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். சுரங்களைத் தொட வேண்டாம், எழுத்து மட்டும் இடம் மாறுகிறது. 'லை' எவ்வளவு நீண்டாலும் வேறு சொல்லாக மாறாது. இப்போது பாடிக் காட்டினால் மலை மலையாகவே கேட்கும்.

குறிலில்தான் கார்வை (ஒலியை இழுத்து நிறுத்துவது) வேண்டும் என்று மெட்டு அடம்பிடித்தால், மெல்லினம் மூடும் சொல்லைத் தேடுங்கள். 'சங்கு', 'பந்தல்' போன்றவற்றில் ங், ந் மேல் ஒலியைத் தாங்கலாம். 'பட்டு', 'முத்து' போன்ற வல்லினச் சொற்களில் அது நடக்காது. ட், த் வாயை அடைத்துவிடும். அந்தக் கட்டத்தைச் சும்மா மௌனமாக விட்டுவிடுவதுதான் அழகு. சொல் முடிவில் ம், ன், ல் வந்தால் கார்வை முழுவதையும் உயிரிலேயே வைத்து, மெய்யைக் கடைசிக் கட்டத்தில் மூடுங்கள். அவசரப்பட்டு உதட்டை மூடினால் பாதி வரி 'ம்ம்ம்' என்றுதான் கேட்கும். மூச்சு விடும் இடத்தையும் பாருங்கள். 'பலகை' நடுவில் மூச்சு விட்டால் 'பல கை' ஆகிவிடும்.

மெட்டு முதலில் வந்து வார்த்தை பின்னால் வருகிறதா? இடையில் தத்தகாரம் எழுதிக்கொள்ளுங்கள். இரு குறிலுக்குத் 'தன', நெடிலும் குறிலும் வந்தால் 'தான', மெல்லினம் மூடினால் 'தந்த', வல்லினம் மூடினால் 'தத்த'. அந்த அச்சுக்குள் விழும் சொல்லை மட்டுமே ஏற்பது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. திருப்புகழில் முதல் அடியின் சந்தம் கடைசி அடிவரை பிசகாமல் ஓடுவதைக் கையால் தட்டிப் பாருங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கேள்வி: ஹிந்தோள ராகத்தில் ஒரு மெட்டுப் போட்டேன். தனியாக வாசித்தால் ஹிந்தோளம். கீபோர்டில் ஸ்டைலை (தானாக ஓடும் பின்னணி) போட்டு இடது கையைச் சேர்த்தால் ராகமே காணாமல் போகிறது. ஏன்?
*வாசகர், நகரி*

பதில்: இடது கையில் எந்தக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். ஹிந்தோளத்துக்கு ச க2 ம1 த1 நி2 (எண் அந்தச் சுரத்தின் வகையைக் குறிக்கும்). ரிஷபமும் (ரி) பஞ்சமமும் (ப) கிடையாது. 1 கட்டையில் வாசிப்பவர் வழக்கம்போல் சி மைனர் பிடித்தால் அதன் மூன்றாவது சுரம் ஜி. அது பஞ்சமம். வலது கை கவனமாக ஒதுக்கிவைத்ததை இடது கை வாசல் திறந்து உள்ளே விட்டுவிடுகிறது. ஒற்றை விரல் முறையில் இருந்தால் இன்னும் மோசம்: சி-யை மட்டும் தொட்டால் கீபோர்டு தானாகவே சி மேஜர் கட்டும். பஞ்சமத்தோடு அந்தர காந்தாரமும் (க3) சேர்ந்து வரும்.

ஹிந்தோளச் சுரங்களுக்குள்ளேயே கிடைக்கும் முழு மேஜர், மைனர் கார்டுகள் இரண்டுதான்: ம-த-ச, த-ச-க. 1 கட்டையில் எஃப் மைனர், ஏ ஃப்ளாட் மேஜர். ஷட்ஜத்தில் முடியும் இடத்தில் கார்டு வேண்டாம், ச மட்டும் அல்லது ச-ம சேர்த்து ஒலிக்கட்டும். சுருதிப்பெட்டியையும் பஞ்சமத்திலிருந்து மத்திமத்துக்கு (ம) மாற்றிப் பாருங்கள். இதற்கு இணையான மால்கௌன்ஸ் ராகத்துக்கு ஹிந்துஸ்தானியில் தம்பூராவை மத்திமத்தில்தான் சேர்ப்பார்கள். ஸ்டைலில் கார்டை அணைத்துவிட்டு டிரம் மட்டும் ஓட விடுவது இன்னொரு நல்ல வழி.

இன்னொன்று, இது அசைவு கேட்கும் ராகம். கீபோர்டில் அழுத்தும் சுரம் மொட்டையாக நிற்கும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். வழக்கமாக அது மேலும் கீழும் 2 அரைச்சுரம் நகரும்படி அமைத்திருப்பார்கள். கமகத்துக்கு (சுரத்தை அசைப்பதற்கு) முழுத் தூரமும் தள்ளாமல் பாதிக்குள் நிறுத்துங்கள்.

கார்டு வைத்துப் பழக ஆசை என்றால் ஹம்சத்வனிக்குப் போங்கள். ச ரி2 க3 ப நி3 என்ற ஐந்துக்குள் ச-க-ப, க-ப-நி, ப-நி-ரி என மூன்று கார்டு கிடைக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம் இது. மோகனத்தில் ச-க-ப, த-ச-க இரண்டு உண்டு.

கேள்வி: செல்போனில் தாளத்தை ஓடவிட்டு, ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டபடி பாடிப் பதிகிறேன். பாடும்போது சரியாக இருக்கிறது. போட்டுக் கேட்டால் குரல் தாளத்துக்குப் பின்னால் வருகிறது. இரைச்சல் வேறு.
*வாசகி, பாறசாலை*

பதில்: ஹெட்போனைக் கழற்றுங்கள், பாதி தீர்ந்தது. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்துசேர 100 முதல் 300 மில்லிவிநாடி வரை தாமதம் ஆகலாம். 90 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 667 மில்லிவிநாடி. கால் தட்டு 167. நீங்கள் கேட்கும் தாளமே கால் தட்டு பிந்தியது. அதற்குச் சரியாகப் பாடினால் குரலும் கால் தட்டு பிந்தித்தான் பதிவாகும். வயர் உள்ள ஹெட்போன் போடுங்கள். அதன் பிறகும் சின்ன இடைவெளி இருந்தால், மெட்ரோநோம் (சீராகத் தட்டு ஒலிக்கும் செயலி) ஓடும் ஹெட்போனை மைக்கில் ஒட்டிவைத்துப் பதிந்து, மூல ஒலிக்கும் பதிவுக்கும் எத்தனை மில்லிவிநாடி வித்தியாசம் என்று திரையில் அளந்துகொள்ளுங்கள். குரல் டிராக்கை அந்த அளவு முன்னால் இழுத்தால் சரி.

இரைச்சலுக்கு: போன் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேருக்கு நேர் வைத்தால் ஒவ்வொரு 'ப'வும் மைக்கில் காற்றாக அடிக்கும். ஃபேன் நிற்கட்டும். கெட்டிப் போர்வையை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான், எதிரொலியும் அங்கிருந்துதான் வருகிறது. உரக்கப் பாடும் இடத்தில் அளவுக்காட்டி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கவேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும், பிறகு ஒட்டவைக்க முடியாது.

ஆரம்பத்தில் 10 விநாடி பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தத் துண்டை மாதிரியாகக் காட்டி 6 முதல் 12 டெசிபல் வரை இரைச்சலைக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஓட்டின்மேல் கொட்டும்போது பதிவு வேண்டாம். மழையின் ஒலி தாழ்விலிருந்து உச்சம்வரை எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும், குரலைக் கெடுக்காமல் அதைப் பிரிக்க வழியில்லை.

போனில் விநாடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) வேகத்தில் பதிந்ததைக் கணினி 44,100 என்று தவறாகப் படித்தால், 2 கட்டையில் பாடியது 1-க்கும் 1½-க்கும் நடுவில் விழும், வேகமும் குறையும். 'என் குரலே இல்லையே' என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

கேள்வி: அன்னமாச்சாரியார் கீர்த்தனை ஒன்றுக்கு நானே மெட்டுப் போடலாமா? தப்பாகுமா? பாரதியார் பாட்டுக்கு?
*வாசகர், குப்பம்*

பதில்: தாராளமாகப் போடுங்கள். தெலுங்கில் பாடிய அன்னமாச்சாரியார் (1408–1503) சங்கீர்த்தனங்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. அவற்றில் ராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி பின்னால் வந்தவர்கள் அமைத்த மெட்டு. வரி பொதுச்சொத்து; அந்தப் புது மெட்டு, அதை அமைத்தவருடையது. இந்தியச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆகவே பிரபலமான மெட்டை அங்கங்கே திருப்பிப்போட்டு உங்களுடையது என்று வெளியிடாதீர்கள். 1921-ல் மறைந்த பாரதியார் பாடல்களுக்கும் இதே கணக்குதான்: வரியை எடுக்கலாம், இன்னொருவர் மெட்டை எடுக்கக் கூடாது.

உங்கள் மெட்டுக்கு உரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை, படைத்த உடனே உண்டு. பதிந்துகொள்ள விரும்பினால் இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். தேதியோடு எழுதிய சுரக்குறிப்பும் முதல் பதிவும் எப்படியும் கையில் இருக்கட்டும்.

வேலையில் ஒரு கவனம். தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரில் முடியும், அதனால் சொல்லின் கடைசியில் கார்வை இயல்பாக உட்காரும். தமிழ் மெட்டுக்குப் பழகிய கை அங்கே சட்டென்று முடித்துவிடும். நம் எதுகை போலவே அங்கே 'பிராசம்' இரண்டாம் எழுத்தில் வரும். அந்த எழுத்து ஒவ்வொரு வரியிலும் தாளத்தின் ஒரே இடத்தில் விழும்படி அமையுங்கள். முதல் வரியில் அது இரண்டாவது தட்டில் விழுந்து, அடுத்த வரியில் தட்டுக்கு நடுவில் விழுந்தால் பிராசம் காதில் தெரியவே தெரியாது. பல்லவி, முதல் சரணம் இரண்டையும் கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அந்த எழுத்துகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வட்டங்கள் நேர்கோட்டில் நிற்கவேண்டும்.