மாகாளிக் கிழங்கு அழுகுது, என்ன மருந்து ஊற்றலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. சவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கரில் போன ஆடியில் மாகாளிக் கிழங்குச் செடி 600 நட்டேன். வியாபாரி ஒருவர் செடி 45 ரூபாய் என்று கொடுத்தார், மூன்றாம் வருடம் கிழங்கை அவரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சொட்டுநீர் போட்டிருக்கிறேன், களி கலந்த மண். கார்த்திகை மழைக்கு அப்புறம் இலை மஞ்சளாகி உதிர்கிறது, இழுத்தால் செடி கையோடு வருகிறது, கிழங்கு அழுகி நாறுகிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. கடையில் குருணை மருந்தும் ஒரு பூஞ்சாணக் கொல்லியும் கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு என்ன மருந்து ஊற்றலாம்? இன்னொன்று, நிலத்தின் மேல் ஓரத்தில் அரை ஏக்கர் கரடு சும்மா கிடக்கிறது. பாறை இடுக்கில் இதே கொடி இருபது முப்பது தானாக வளர்ந்திருக்கிறது. அதைத் தோண்டிக் கொடுத்தால் பணம் தருகிறேன், அப்புறம் ஜேசிபி விட்டுச் சமன் செய்து அங்கேயும் நடலாம் என்கிறார் அதே வியாபாரி. செய்யலாமா?

பதில்: மருந்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன் தம்பி, உங்கள் பிரச்சினையில் அதற்குச் சின்னப் பங்குதான். மாகாளி பாறைச் சரிவில் கல் இடுக்குக்குள் வேர் விட்டு, பெய்த மழை அன்றைக்கே ஓடிவிடுகிற இடத்தில் வாழ்ந்து பழகிய கொடி. அதைக் களியில் நட்டு, கீழே சொட்டுநீரும் விட்டு, மேலே ஐப்பசி கார்த்திகை மழையும் கொட்டினால் அழுகாமல் என்ன செய்யும். சொட்டுநீரை இன்றைக்கே மூடுங்கள். வரிசைக்கு நடுவில் ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து நிலத்தின் தாழ்வான மூலைக்குத் தண்ணீரை வடித்துவிடுங்கள், எடுத்த களியைச் செடியின் கழுத்தில் அணைத்துவிடாதீர்கள். அழுகின செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியேற்ற வேண்டும், வரப்பில் குவித்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை. நிற்கிற செடிகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம். மூன்று வாரம் போகட்டும், அப்புறம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை மக்கின தொழுவுரத்தில் கலந்து வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் முதலாவது இரண்டாவதைக் கொன்றுவிடும், ஆனால் கடையில் இரண்டையும் ஒரே பையில் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அந்தக் குருணையைத் தூக்கி வையுங்கள். உங்கள் செடிக்கு வந்திருப்பது பூச்சி இல்லை, அழுகல். அதோடு இது ஊறுகாய் போட்டுத் தின்கிற கிழங்கு. அதைவிட வேடிக்கை, இந்தக் கிழங்கின் வாசனையைக் கொடுக்கிற பொருளே பூச்சிக்கு ஆகாதது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இதன் சாற்றைச் சேமிப்புத் தானியத்தில் விழுகிற வண்டுகளுக்கு எதிராகவே சோதித்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கிழங்குக்குப் பூச்சி மருந்து விற்றவர் கெட்டிக்காரர்தான்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த 600 செடி எங்கிருந்து வந்தது?

செத்த செடி ஒன்றை எடுத்து மண் போகக் கழுவி, கழுத்துப் பகுதியைப் பாருங்கள். விதையில் வந்த இளஞ்செடி என்றால் கழுத்து மெலிசாக இருக்கும், ஒற்றை வேர் கீழே இறங்கிப் பையின் அடியில் முட்டி வளைந்த தடம் தெரியும், சல்லி வேர் பை ஓரம் வரைக்கும் பின்னியிருக்கும். அப்படி இல்லாமல் கழுத்து கட்டைவிரல் கனம், மேல்தோல் பழுப்பாகத் தடித்து வெடித்திருக்கிறது, விரல் விரலாகப் பிரிந்து போகிற இடத்தில் வெட்டுத் தழும்பு, பை மண்ணில் பேருக்குக்கூடச் சல்லி வேர் இல்லை என்றால் அது நாற்றங்காலையே பார்த்திராத செடி. யாரோ காட்டில் கடப்பாரை போட்டுத் தோண்டி, கிழங்கை ஊறுகாய்க்காரருக்கு விற்றுவிட்டு, மிச்சம் இருந்த தலையைப் பையில் சொருகி உங்களுக்கு 45 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கொடியில் இரண்டு வியாபாரம். உங்கள் வயலில் அழுகல் நுழைந்ததும் அந்த வெட்டு வாய் வழியாகத்தான் இருக்கும். களிமண்ணும் தண்ணீரும் அதைப் பெரிதாக்கியிருக்கின்றன. அழுகாத கிழங்கு ஒன்றையும் குறுக்கே வெட்டி மோந்து பாருங்கள். சதை வெள்ளையாக, நடுவில் கட்டையான நரம்போடு, வெனிலா கலந்த மாதிரி வாசனை தூக்கும். அழுகத் தொடங்கியதில் நரம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஓடி, வாசனை புளித்துப்போயிருக்கும். வளையம் வெட்டுத் தழும்பிலிருந்து ஆரம்பித்தால் நான் சொல்வது சரி.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல காரணம் இருக்கிறது. மாகாளி உலகத்தில் தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டும் இருக்கிற கொடி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகள்தான் இதற்கு முக்கியமான வீடு. இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யு.சி.என். போடுகிற சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அகத்தியமலையில் இதற்கு ஒரு உறவுச் செடி இருக்கிறது, அங்குள்ள காணிப் பழங்குடி மக்கள் அமிர்தபாலா என்பார்கள், அதன் நிலைமை இதைவிட மோசம். காட்டை வெட்டி மட்டும் இந்த நிலை வரவில்லை, கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே வந்தது. கீரை என்றால் கிள்ளிக்கொண்டு போகலாம், இதில் நமக்கு வேண்டியதே வேர், மொத்தமாக எடுத்தால் கொடி முடிந்தது. ஊறுகாய் போக, நன்னாரி என்ற பேரில் சர்பத்துக்கும் மருந்துக்கும் போவதில் இதுவும் நிறையக் கலக்கிறது. செங்காந்தள் என்கிற கண்வலிக் கிழங்கிலும் இதே கதைதான் நடந்தது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராக வந்த பிறகும் விதைக்கிழங்கு என்று காட்டுக் கிழங்கைத் தேடித்தான் ஆள் போனது.

அதனால் என் கட்சி ஒன்றுதான்: விதை. மாகாளி பயிரிட வேண்டுமென்றால் விதையிலிருந்து மட்டும்தான், காட்டிலிருந்து வந்த தலையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. தண்டுக் குச்சி நட்டால் எளிதில் வேர் பிடிக்காது. திசு வளர்ப்பில் மைசூருவில் செய்து காட்டியிருக்கிறார்கள், ஆனால் அதுதான் இது என்று சொல்லி உங்கள் ஊருக்கு வண்டியில் வருகிற நாற்றை நான் நம்பமாட்டேன். விதையில் இரண்டு சங்கடம். காட்டில் இந்தக் கொடி காய் பிடிப்பதே குறைவு, பிடித்த காயும் வெடித்தால் எருக்கு விதை மாதிரி பஞ்சோடு பறந்துவிடும். பொறுக்கி வைத்தாலும் சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும், அடுத்த வருடத்துக்கென்று டப்பாவில் போட்டு வைக்கிற விதை இல்லை இது. ஆகவே காய், கொம்பு மாதிரி இரண்டிரண்டாக நிற்கும், அது பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போதே மெல்லிய வலைத்துணியில் பை தைத்துக் கட்டிவிட வேண்டும். வெடித்ததும் எடுத்து, பஞ்சை நீக்கி, அந்த வாரமே மணல் அதிகமாகக் கலந்த மண்ணில் விதைக்க வேண்டும். நாற்று தேறினதும் மழை தொடங்குகிற சமயத்தில், கல்லும் சரளையுமான சரிவில், ஏறிப் படர ஒரு புதரும் அரை நிழலும் இருக்கிற இடமாகப் பார்த்து நடுங்கள். கிழங்கு எடுக்கும்போதும் கொடியைப் பிடுங்கக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் பறித்து, தடித்த இரண்டு மூன்று விரலை எடுத்துக்கொண்டு, தலையையும் மறுபக்கத்தையும் அப்படியே விட்டு மண் மூடினால் கொடி பிழைத்துக்கொள்ளும். வருமானம் மெதுவாகத்தான் வரும், அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த விதைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் கரட்டிலேயே இருக்கிறது! தானாக வந்து, உங்கள் ஊர் வெயிலுக்கும் பாறைக்கும் பழகி நிற்கிற இருபது முப்பது தாய்க்கொடியை வைத்துக்கொண்டு அடுத்தவனிடம் செடி வாங்கியிருக்கிறீர்கள். அதைத் தோண்டினால் ஒரே ஒரு தடவை பணம் வரும். ஜேசிபி விட்டால் அந்த இடமே போய்விடும், பாறையை நகர்த்தின பிறகு கிடைக்கிற மண்ணில் மாகாளி பழையபடி வராது. அங்கே இருக்கிற உசிலை, விராலி, காரை மாதிரி மரமும் புதரும் சும்மா நிற்கவில்லை, கொடி ஏறுகிற பந்தலும் வேருக்கு நிழலும் அதுதான். பாறை மேல் கள்ளிமுளையானும், புதருக்குள் செங்காந்தளும் இருக்கிறதா என்று மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆடு ஏறாமல் முள் வேலி மட்டும் போடுங்கள், அதற்குமேல் அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. மழை முடிந்ததும் தீ வைக்கிற பழக்கம் பக்கத்தில் யாருக்காவது இருந்தால் அவர்களிடம் பேசி வையுங்கள்.

வியாபாரியைப் பற்றி ஒரு வார்த்தை. செடியை விற்றவனே விளைச்சலையும் வாங்கிக்கொள்கிறேன் என்றால், அவனுக்கு லாபம் செடியில்தான், விளைச்சலில் இல்லை. ஈமு கோழி காலத்தில் இப்படி ஏமாந்த கொங்கு நாட்டுக்காரர்களைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் கிலோவுக்கு என்ன விலை, எடுக்காமல் போனால் என்ன என்று எழுதியிருக்கிறதா? பேச்சு மட்டும் என்றால் மூன்றாம் வருடம் அந்த நம்பர் எடுக்காது. இது தடை செய்த செடி இல்லை, வன உயிரினச் சட்டத்தில் பேர் இல்லை என்று அவர் சொல்லியிருப்பார். இருக்கட்டும், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தோண்டியது எதுவானாலும் வனக் குற்றம்தான், அந்தச் சரக்கு உங்கள் வயலில் நிற்கிறது. மலைவாழ் மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் எடுக்க உரிமை உண்டு, அது அவர்களுக்கானது, அவர்கள் பேரைச் சொல்லி லோடு அடிக்கிற தரகனுக்கு இல்லை. நீங்கள் விதை போட ஆரம்பித்தால் விதைத்த நாள், நாற்று, நட்ட இடம் எல்லாவற்றுக்கும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கிழங்கு விற்கும்போது எங்கே எடுத்தது என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

களிமண் நிலத்துக்கு வருகிறேன். ஒன்றரை அடிக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி நிறைய ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த ஒன்றரை ஏக்கரில் மாகாளி வேண்டாம், போன இடத்தை நிரப்பவும் வேண்டாம், உங்கள் பக்கம் வழக்கமாகப் போடுகிறதையே போடுங்கள். பிழைத்து நிற்கிற செடிகளை மழை ஓய்ந்ததும் வேர் அறாமல் பறித்து, கரட்டை ஒட்டிய சரளைப் பக்கம் மாற்றிப் பாருங்கள், எல்லாம் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். கரட்டுக் கொடிகளுக்கு நடுவில் மட்டும் கொண்டுபோய் வைக்காதீர்கள், அழுகலையும் சேர்த்துக் கொண்டுபோவீர்கள். கழுவின கழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணி நிறுத்துங்கள்.