நாலு கீற்று விண்டோக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு மலையாள அறிவிப்புகளைத் தமிழாக்கித் தருகிறேன். 1366×768 திரையுள்ள பழைய லேப்டாப், அதில் ஐ3 (லினக்ஸில் விண்டோக்களைத் தானாக அடுக்கும் நிரல்). மூலத்தின் பிடிஎஃப், தமிழ் எழுத லிப்ரேஆஃபிஸ், அகராதிக்கு பிரவுசர், பழைய அறிவிப்புகளின் ஃபோல்டர் என நாலையும் திறந்தால் எல்லாமே ஒல்லிக் கீற்றாகிவிடுகின்றன. தானாக அடுக்கித் தரும் என்றுதானே ஐ3க்கு வந்தேன்? அதே வகையைச் சேர்ந்த டிடபிள்யூஎம்முக்கு மாறலாமா? விண்டோக்களுக்கு நடுவே இடைவெளி விடுவது எப்படி?

அன்புள்ள தம்பி,

மலையாள ‘அவசரம்’ நமக்கு ‘வாய்ப்பு’. அதை அப்படியே எழுதிவிட்டால் ஊரே பதறி ஓடும். இந்த மாதிரி ஒவ்வொரு சொல்லிலும் நின்று பார்க்கிற வேலை உன்னுடையது. மூலமும் தமிழும் கண்ணெதிரே பக்கத்தில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

ஆனால் ‘தானாக’ என்றாயே, அங்கேதான் கோபம் வருகிறது. ஐ3 தானாகச் செய்வதெல்லாம் சமபங்கு பிரிப்பதுதான். 1366ஐ நாலால் வகுத்தால் ஆளுக்கு 341 பிக்சல். நாலு அண்ணன்தம்பிகள் வயலை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாகப் பிரித்துக்கொண்டால் ஏர் திருப்ப இடமிருக்காது. பங்கில் பிசகில்லை, உழத்தான் முடியாது. எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று நீ வாயே திறக்கவில்லை. பழி மட்டும் ஐ3 மேல்.

டிடபிள்யூஎம்? அங்கே இடப்பக்கம் நிற்கும் முதன்மை விண்டோவான மாஸ்டருக்கு 55 சதவீதம், அதாவது 751 பிக்சல். மற்ற மூன்றும் வலப்பக்கம் 615 பிக்சல் அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்று, உயரம் சுமார் 250. போதாததற்கு, புதிதாகத் திறந்ததே மாஸ்டர் ஆகும். அகராதியைத் திறந்த கணத்தில் உன் தமிழ்ப்படி ஓரத்துக்குத் தள்ளப்படும். வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு.

முதலில் பிடிஎஃப், அடுத்து லிப்ரேஆஃபிஸ், இந்த இரண்டை மட்டும் திற. ஆளுக்கு 683 பிக்சல். ஃபோகஸை பிடிஎஃப்புக்குக் கொண்டுவந்து மாட்+வி அழுத்து (மாட் என்பது ஐ3 கட்டளைகளுக்கு நீ வைத்திருக்கும் ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை). பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது. பிடிஎஃப்பைச் சுற்றி ஒரு தனிக் கன்டெய்னர், அதாவது விண்டோக்களைச் சேர்த்து வைக்கும் உறை, விழுந்திருக்கும். பிறகு மாட்+டபிள்யூ, அந்தக் கன்டெய்னர் டேப் அடுக்காகும். ஃபோகஸை நகர்த்தாமல் அகராதியையும் ஃபோல்டரையும் திறந்தால் இரண்டும் பிடிஎஃப்போடு டேப்களாகச் சேரும், தமிழ் வலப்பக்கம் அசையாமல் நிற்கும். எல்லோரும் தவறுவது வரிசையில்தான்: மாட்+வி இல்லாமல் மாட்+டபிள்யூ அழுத்தினால் தமிழும் டேப்புக்குள் போய் மறைந்துகொள்ளும். அப்படி ஆனால் மாட்+இ அழுத்தி மீட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கு.

தமிழுக்கு அகலம் போதவில்லையென்றால் அதில் ஃபோகஸ் வைத்து மாட்+ஆர், ஓர் அம்பு விசை, எஸ்கேப். ஓர் அழுத்துக்குப் பத்து சதவீதம் நகரும்.

இடைவெளியா? 341 பிக்சலுக்கு அழுகிறவனுக்கு அலங்காரம் வேறு. 4.22 பதிப்பிலிருந்து ஐ3யிலேயே அது உண்டு. வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்.

தினமும் இதைக் கட்ட வேண்டாம். ஐ3-சேவ்-ட்ரீ கட்டளையால் அமைப்பை ஒரு கோப்பில் இறக்கு. அதில் எந்தக் கட்டத்தில் எந்த விண்டோ அமர வேண்டும் என்று சொல்லும் ‘ஸ்வாலோஸ்’ பகுதியின் வரிகள் இரட்டைச் சாய்கோட்டோடு முடக்கப்பட்டிருக்கும். ‘கிளாஸ்’ வரியின் சாய்கோட்டை மட்டும் எடு, அந்த வரியின் கடைசியில் காற்புள்ளி இருந்தால் அதையும் நீக்கு. ‘டைட்டில்’ வரியைத் தொடாதே, கோப்புக்குக் கோப்பு தலைப்பு மாறும், பொருந்தாது. காலையில் முதலில் அந்தக் கோப்பை ஏற்றும் அப்பெண்ட்_லேஅவுட் கட்டளை, அப்புறம்தான் நிரல்கள். அப்படியும் கட்டம் காலியாகவே நின்றால் விண்டோவின் விவரம் காட்டும் எக்ஸ்பிராப் கட்டளையை ஓட்டி அந்த விண்டோவைச் சொடுக்கி, டபிள்யூஎம்_கிளாஸ் வரியில் இரண்டாவதாக வரும் பெயரை எனக்கு எழுதியனுப்பு.

அன்புடன்