கிரெடிட் கார்டில் வாங்கிய பழைய காசு லாபம் தருமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக 46,000 ரூபாய் சம்பளம். தாத்தாவின் சுருக்குப்பையில் இருந்த பழைய காசுகளைப் பார்த்து ஆர்வம் வந்து, போன வருடம் முதல் நாணயம் சேர்க்கிறேன். இதுவரை சுமார் 1,60,000 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன். பெரும்பாலும் இணைய ஏலம், கிரெடிட் கார்டு. இப்போது கார்டில் 84,000 பாக்கி. மாதம் 4,500 கட்டுகிறேன். ஆறாயிரத்துக்குப் புதிதாகவும் வாங்குகிறேன். பழைய காசு விலை ஏறத்தானே செய்யும் என்று இதை முதலீடாகத்தான் நினைக்கிறேன். இப்போது என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தாராபுரம் பக்கம் பழைய வீட்டை இடித்தபோது பானையில் கிடைத்த வெள்ளிக் காசுகள் விலைக்கு வருகின்றன என்கிறார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’. மொத்தம் நான்கு லட்சம், என் பங்கு இரண்டு லட்சம். மனைவியின் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். மனைவிக்கு விருப்பமில்லை. மறுத்தால் உறவு முறியும். என்ன செய்வது? புதிதாக நாணயம் சேர்ப்பவன் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லுங்கள். தாத்தாவின் காசுகளைப் புளி போட்டுப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன். 1947 புலி ரூபாய் ஒன்றை வெள்ளி என்று 2,500 கொடுத்து வாங்கினேன். இவையெல்லாம் எவ்வளவு தேறும்?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் ராமர் பட்டாபிஷேகம் போட்டு அரை அணா அடிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்கள் தனித்தனியாகத்தான் நாணயம் அடித்தன. இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரியான கம்பெனி நாணயம் 1835-ல்தான் வந்தது. அதன் ரூபாயில் இருப்பது நான்காம் வில்லியம் மன்னரின் தலை. அரை அணா என்பது ரூபாயில் 32-ல் ஒரு பங்கு. கம்பெனி அதைச் செம்பில் அடித்தது. 32-ல் ஒரு பங்கு மதிப்புள்ள காசை எந்த அரசாங்கமும் கனமான வெள்ளியில் அடிக்காது. 1616, 1717, 1818 என்று வருடம் போட்டு ராமர், அனுமன், லட்சுமி படங்களோடு வரும் ‘கம்பெனி காசு’ எல்லாம் பிற்காலத்தில் அடித்த வில்லைகள். பூஜை அறையில் வைக்கலாம். நான்கு லட்சம் பெறாது.

அமராவதி ஆற்றுப் படுகையில், கரூர் பக்கம், சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்தது உண்மை. அதனால்தான் அந்த வட்டாரத்தில் பானைக் கதையை யார் சொன்னாலும் நம்பத் தோன்றுகிறது. சரி, கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 1878-ம் வருடப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்பதும், தெரிந்தே வாங்குவதும் போலீஸ் வரை போகும் விஷயம். ஆகக் கதை பொய்யானால் பணம் போகும், உண்மையானால் வழக்கு வரும். நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்தால்கூட, இந்தச் சிக்கலுக்காக வருடம் 20,000 ரூபாய் வட்டி வேறு கட்டுவீர்கள்.

மச்சானிடம் சண்டை வேண்டாம். அவரும் ஏமாற்றப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. “விற்பவரை ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் விற்பவரின் போன் அன்றே அணைந்துவிடும். மச்சானின் இரண்டு லட்சமும் பிழைக்கும். மனைவியின் மறுப்பைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அண்ணன் தங்கைக்கு நடுவில் அது வடுவாக நிற்கும். மறுப்பது நீங்கள் என்றே இருக்கட்டும்.

இப்போது உங்கள் கார்டு. உங்கள் கடிதத்தில் மச்சானைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். மச்சான் ஒருமுறை கேட்கிறார். கார்டு மாதாமாதம் கேட்கிறது, நீங்களும் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

மாதம் 3.5 சதவீதம் என்றால் 84,000-க்கு வட்டி 2,940. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 3,470. நீங்கள் கட்டும் 4,500-ல் அசல் குறைவது ஆயிரம் சொச்சம். அதே மாதம் ஆறாயிரத்துக்குப் புதுக் காசு வாங்குகிறீர்கள். பாக்கி மாதம் ஐந்தாயிரம் ஏறுகிறது. பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் கிடையாது. புதிதாக வாங்கும் காசுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இப்படியே போனால் அடுத்த வருடம் இதே நேரம் பாக்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் நீங்கள் உங்கள் நிறுவனத்தின் பேரேட்டில் இப்படி ஒரு கணக்கை ஒரு மாதம் விட்டுவைப்பீர்களா?

“விலை ஏறத்தானே செய்யும்” என்கிறீர்கள். எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்ப்போம். ஏலத்தில் 10,000 ரூபாய்க்கு ஒரு காசு வாங்குகிறீர்கள். ஒரு வருடக் கார்டு வட்டியும் வரியும் சுமார் 4,950. அடக்கம் 14,950 ஆகிவிட்டது. விற்கப் போனால் சந்தை விலை முழுவதும் உங்கள் கைக்கு வராது. 100 ரூபாய்க்கு விற்கும் காசை வியாபாரி உங்களிடமிருந்து 60, 65-க்கு எடுத்தால் அதுவே நல்ல விலை. அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை காசு அவர் பெட்டியில் தூங்கும். 65 ரூபாய்க் கணக்கில் உங்கள் 14,950 திரும்ப வர, அந்தக் காசின் கடை விலை 23,000 ஆகியிருக்க வேண்டும். ஒரே வருடத்தில். எந்தக் காசும் அப்படி ஏறும் என்று நம்பி வாங்கக் கூடாது.

எனவே இன்றே அந்தக் கார்டை ஏலத் தளங்களிலிருந்து நீக்குங்கள். வங்கியைக் கூப்பிட்டு 84,000-த்தையும் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். 16 சதவீத வட்டியில் 12 மாதம் கிடைத்தால் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் சேர்த்துத் தவணை சுமார் 7,700. நீங்கள் இப்போது கார்டுக்கு மாதம் 4,500 கட்டுகிறீர்கள். அதற்கு மேல் மாதம் 3,200 மட்டும் சம்பளத்திலிருந்து ஒதுக்க வேண்டும். அந்த ஒரு வருடம் புதுக் காசு எதுவும் வாங்காதீர்கள். ஒரே காசு இரண்டு மூன்று இருந்தால் நஷ்டத்துக்காவது விற்று அசலைக் குறையுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டியில் உட்கார்ந்துகொண்டு நல்ல விலைக்குக் காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

நாணயம் சேர்ப்பதை விடச் சொல்லவில்லை. கடனில் சேர்ப்பதை விடச் சொல்கிறேன். இந்த ஒரு வருடத்தில் காசு வாங்காமலே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதுவும் சில்லறைச் செலவில்.

உங்கள் ஊர் மளிகைக் கடைச் சில்லறையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு ரூபாயை எடுத்து வருடத்துக்குக் கீழே பாருங்கள். சிறு வைரக்கட்டம் இருந்தால் அது மும்பை நாணயச் சாலையில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருடத்து ரூபாய் எத்தனை நாணயச் சாலைகளிலிருந்து வந்திருக்கிறது என்று தேடிச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு நான்கு ரூபாய்க்கு மேல் போகாது. நம் ஊரில் பல கடைக்காரர்கள் வாங்கத் தயங்குகிற பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாயில் 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. சில சுலபத்தில் சிக்காது, ஆனால் பதினாலுக்கும் முகமதிப்பு 140 ரூபாய்தான். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளிவந்த திருவள்ளுவர் நாணயங்கள் இன்னும் வீடுகளின் உண்டியலில் கிடக்கின்றன. கேட்டுப் பாருங்கள். இப்படித் தேடும்போதுதான் தேய்மானம், அச்சின் கூர்மை, விளிம்பு இதையெல்லாம் கண் பழகிக்கொள்ளும். அந்தப் பழக்கம் இல்லாமல் ஏலத்தில் போட்டோவைப் பார்த்து விலை கேட்டதுதான் உங்களுக்கு 84,000 வைத்தது.

பழசு என்றால் விலை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருடப் பழசு, ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்த ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சாகி வந்த 1808-ம் வருட ‘இருபது காசு’ நாணயம் இன்னொன்று. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்துவிட்டார்கள். அதனால் இருநூறு வருடம் கடந்தும் அது அபூர்வம் இல்லை. மாறாக 1939-ம் வருட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், நூறு வருடம்கூட ஆகாதது, பெரிய விலைக்குப் போகிறது. அதனாலேயே 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளி ரூபாய் வாங்கும் முன் ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்குங்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம். 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். கிராம் 100 ரூபாய் என்று எளிதாக வைத்தால் உலோகம் மட்டும் 1,070 பெறும். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 1940 முதல் 1945 வரை வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடி ஒட்டும்.

இப்போது நாணயச் சாலைகளின் நினைவு நாணயங்களை ‘கண்டிப்பாக லாபம்’ என்று சொல்லி விற்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் பல 35 கிராம் எடை கொண்டவை, அதில் வெள்ளி 17.5 கிராம். பெட்டிக்கும் மெருகுக்கும் சேர்த்துத்தான் விலை. உங்களுக்குப் பிடித்த தலைவரோ கோயிலோ இருந்தால் ஆசைக்கு ஒன்று வாங்குங்கள், லாபத்துக்கு வேண்டாம். வைஷ்ணோ தேவி நாணயத்துக்குப் பத்து லட்சம், 786 என்ற எண் உள்ள நோட்டுக்கு ஐந்து லட்சம் என்று பேசிவிட்டு முன்பணம், பதிவுக் கட்டணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழைய காசு வாங்குவதோ விற்பதோ எங்கள் வேலையல்ல, அதற்கு யாரிடமும் கமிஷன் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அரிசியை இழுக்கும் அபூர்வ சக்தி உள்ள காசு என்று யாராவது ஏமாற்ற வந்தால் பேச்சே கொடுக்காதீர்கள்.

கடன் தீர்ந்த பிறகு ஒரே ஒரு தலைப்பை எடுங்கள். விக்டோரியா கால் அணாவோ, மதுரை நாயக்கர் செப்புக்காசோ, எதுவானாலும் ஒன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் போய், முதல் முறை வாங்காமல் விலை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு கடையில் ஒரு காசின் விலையைக் கேளுங்கள், பக்கத்துக் கடையில் அதே காசை விற்க வந்தவர் போலக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எந்த முதலீட்டு வீடியோவும் சொல்லாததைச் சொல்லிவிடும். நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும்; வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்ற யோசனை எதுவும் வேண்டாம்.

தாத்தாவின் காசுகள். புளியோ எலுமிச்சையோ பற்பசையோ, இனி எதுவும் படக் கூடாது. காலத்தில் படிந்த அந்தக் கருமைதான் காசு உண்மையானது என்பதற்கு முதல் சாட்சி, சேர்ப்பவர்கள் அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். விளக்கிய காசைப் பார்த்தவுடன் வியாபாரி பாதியாகக் குறைப்பார். ஆனது ஆகிவிட்டது, நல்ல தண்ணீரில் அலசி, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் போடுங்கள். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். படம் இல்லாமல் என்ன தேறும் என்று என்னால் சொல்ல முடியாது. அவை கடனில் வாங்காதவை, விற்கத் தேவையும் இல்லை. பட்டியலில் ‘தாத்தா கொடுத்தது’ என்று எழுதி, விலைப் பத்தியைக் காலியாக விடுங்கள்.

புலி ரூபாயைக் காந்தத்தில் வைத்து வீடியோ எடுங்கள். வெள்ளி என்று எழுதி விற்ற பக்கத்தின் படமும் பில்லும் இருந்தால் இந்த வாரமே விற்பவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். வருகிற 2,500-ஐ நேராகக் கார்டில் கட்டுங்கள்.