அடிப்படை ஆங்கில இலக்கணம்: 12 கட்டத்தை மூடிவைத்துவிட்டு வினையில் தொடங்குங்கள்

"பாடமெல்லாம் நல்லாப் படிக்கிறான், இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசச் சொன்னாத்தான் வாய் வரமாட்டேங்குது." இப்படிக் கவலைப்படும் பெற்றோர் முதலில் செய்கிற காரியம், தடிமனான ஓர் இலக்கணப் புத்தகம் வாங்குவது. முதல் பாடம் நவுன், அடுத்தது ப்ரோநவுன், அதற்கடுத்து அட்ஜெக்டிவ் என்று போகும். வெர்ப் பாடத்துக்கு வருவதற்குள் பிள்ளை அலுத்துவிடும். அப்படியே வந்தாலும் அங்கே வினையின் காலங்களைக் காட்டும் டென்ஸ் அட்டவணை, 12 கட்டம். அதை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகூட "நேற்று நீ எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்கத் திணறும்.

பாட வரிசைதான் இங்கே கெடுக்கிறது. தமிழ் பேசுகிற ஒருவருக்கு ஆங்கிலப் பெயர்ச்சொல்லோ பன்மையோ பெரிய தொல்லை கொடுப்பதில்லை. வாய் திறந்ததும் தடுக்குகிற இடம் வினைச்சொல். ஆகவே முதல் இரண்டு மாதம் வினையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 12 கட்டத்தில் தொடக்கத்துக்கு நான்கு போதும்: சிம்பிள் பிரசென்ட் (ஐ கோ), பிரசென்ட் கன்டினியூவஸ் (ஐ ஆம் கோயிங்), சிம்பிள் பாஸ்ட் (ஐ வென்ட்), 'வில்' சேர்த்துச் சொல்கிற எதிர்காலம் (ஐ வில் கோ). பிரசென்ட் பெர்ஃபெக்ட் (ஐ ஹேவ் கான்) பிறகு வரட்டும். 'வில் ஹேவ் பீன்' என்று தொடங்குகிற கட்டமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

வினைகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் குடும்பம் 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்'. தமிழில் "அவர் ஆசிரியர்" என்றால் வாக்கியம் முடிந்தது. அதில் வினையே கிடையாது. ஆங்கிலம் வினை இல்லாத வாக்கியத்தை ஏற்காது, "ஹி இஸ் எ டீச்சர்" என்றாக வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் பிள்ளை "மை ஃபாதர் டிரைவர்" என்று 'இஸ்'ஸை விழுங்கிவிடுகிறது. இதைத் திருத்தத் திருத்த எதிர்ப்பக்கம் வேறொரு தவறு முளைக்கும்: "ஐ ஆம் வொர்க் இன் எ பேங்க்", "ஐ ஆம் அக்ரீ", "ஷி இஸ் கோ". காரணம் எளிது. பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளப் பழகும்போது 'ஐ ஆம்' ஒரே மூச்சில் வாயில் ஏறிவிடுகிறது. 'நான்' என்றாலே 'ஐ ஆம்' என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. 'நான்' என்பதற்கு 'ஐ' மட்டும்தான். 'ஆம்' தனி வினை என்று முதல் நாளே பிரித்துக் காட்டுங்கள்.

சோதனை இதுதான். ஒருவர் யார், எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் முதல் குடும்பம் வரும்: "ஐ ஆம் டயர்ட்", "தே ஆர் அட் ஹோம்". வொர்க், கோ, ஈட் போல ஒரு செயல் வந்துவிட்டால் 'ஆம், இஸ், ஆர்' வேண்டாம். வேண்டும் என்றால் அந்தச் செயல் 'இங்' எடுத்தாக வேண்டும்: "ஐ ஆம் வொர்க்கிங்". செயப்பாட்டுவினையில் இது மாறும், ஆனால் அது இந்த இரண்டு மாதத்துப் பாடம் இல்லை.

இரண்டாவது குடும்பம் மற்ற எல்லா வினைகளும். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. ஆங்கில நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் என்ற ஓர் இடத்தில்தான் மாற்றம். அங்கே வினையோடு ஓர் 'எஸ்' சேரும். மற்ற இடமெல்லாம் மாறாமல் இருப்பதால்தான் மாறுகிற இந்த ஒன்று மறந்துபோகிறது.

சிக்கல் முழுதாக வெளியே வருவது கேள்வியிலும் மறுப்பிலும். தமிழில் கேள்விக்குக் கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டினால் போதும்: வந்தார், வந்தாரா? ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் 'டூ' என்ற துணைவினை முன்னால் வந்து நிற்கிறது. "ஹி வொர்க்ஸ் ஹியர்" என்பதைக் கேள்வியாக்கினால் "டஸ் ஹி வொர்க் ஹியர்?" இந்த இடத்தில் நிறுத்தி, 'வொர்க்ஸ்' சொல்லில் இருந்த 'எஸ்' எங்கே போயிற்று என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். 'டூ'வோடு சேர்ந்து 'டஸ்' ஆகிவிட்டது, பின்னால் நிற்பது வெறும் 'வொர்க்'. இறந்தகாலத்திலும் இதே கதைதான். "ஹி வென்ட் ஹோம்" என்பது "டிட் ஹி கோ ஹோம்?" ஆகிறது. 'வென்ட்' தூக்கி நின்ற இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டது, 'வென்ட்' மறுபடியும் 'கோ' ஆகிவிட்டது. மறுப்பும் அப்படியே: "ஹி டஸ் நாட் வொர்க்", "ஹி டிட் நாட் கோ". காலத்தைக் காட்டும் குறி ஒரு தடவைதான் வரும். "டிட் யூ வென்ட்?", "ஹி டஸ் நாட் வொர்க்ஸ்" ஆகிய இரண்டும் அந்தக் குறியை இரண்டு தடவை போட்டதால் வந்த பிழை.

இதைப் புரியவைக்கத் தமிழே கைகொடுக்கும். 'போனேன்' என்பதன் மறுப்பு என்ன? 'போகவில்லை'. யாரும் 'போனவில்லை' என்று சொல்வதில்லை. "டிட் நாட் வென்ட்" என்பது ஆங்கிலம் அறிந்தவர் காதில் 'போனவில்லை' மாதிரிதான் விழும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஓர் ஒப்பீட்டிலேயே விஷயம் பிடிபட்டுவிடும்.

பிடிபட்டது வாயில் நிற்கப் பயிற்சி வேண்டும். ஒரு வினையை எடுத்து ஆறு வாக்கியமாகத் திருப்பச் சொல்லுங்கள்: ஹி வொர்க்ஸ் ஹியர். டஸ் ஹி வொர்க் ஹியர்? ஹி டஸ் நாட் வொர்க் ஹியர். ஹி வொர்க்ட் ஹியர். டிட் ஹி வொர்க் ஹியர்? ஹி டிட் நாட் வொர்க் ஹியர். ஒரு நாளைக்கு 5 வினை, வினைக்கு 6 வாக்கியம், ஆக 30. சத்தமாகச் சொன்னால் கால் மணி நேரம் பிடிக்கும். எழுதிப் பார்ப்பது மட்டும் போதாது. நேர்முகத் தேர்வில் அழித்து எழுத நேரம் கிடைக்காது. முதல் குடும்பத்துக்கு 'டூ' வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துப் பழக்குங்கள். அங்கே வினையே முன்னால் நகரும்: "இஸ் ஹி எ டீச்சர்?"

எந்த வினைகளை எடுப்பது? ஒழுங்கற்ற வினைகளை அகரவரிசையில் அடுக்கிய பட்டியலை நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிற ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், சீ, கம் எல்லாமே இறந்தகாலத்தில் 'ஈடி' ஏற்காத ஒழுங்கற்ற வினைகள்தான். அன்றாடம் வாயில் வருகிற 40 வினையை எடுத்து, மூன்று வடிவத்தையும் (கோ, வென்ட், கான் போல) வாக்கியத்தோடு படித்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். 'ஈடி' சேரும் வினைகளில் உச்சரிப்பைக் கவனியுங்கள். வான்ட், நீட் போல முடிகிற சொற்களுக்கு மட்டும்தான் கூடுதலாக ஓர் அசை வரும்: வான்டட், நீடட். மற்றவற்றுக்கு வராது. 'குக்ட்', 'வாஷ்ட்' என்று ஒரே அசையாகச் சொல்ல வேண்டும். 'குக்கெட்', 'வாஷெட்' என்று நீட்டக் கூடாது.

அடுத்த பொறி நம்முடைய 'கிறேன்'. 'போகிறேன்' என்பது தினமும் போவதையும் குறிக்கும், இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது: "ஐ கோ", "ஐ ஆம் கோயிங்". பிரிக்கத் தெரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டு "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வான்டிங்" என்று பேசும். இதற்கும் தமிழ்க் காதே வழிகாட்டும். 'கொண்டிரு' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" இயல்பாக வருகிறது, "ஐ ஆம் ஈட்டிங்" சரி. "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே "ஐ நோ" மட்டும்தான். எல்லா வினைக்கும் இது பொருந்தாது என்றாலும் தொடக்கப் பிழைகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைத் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும் என்பவை "ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக்". எனக்குப் பசிக்கிறது என்பது "ஐ ஆம் ஹங்க்ரி". எனக்கு இரண்டு தங்கைகள் என்பது "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்". "ஐ ஆம் ஹேவிங்" வேண்டாம். நமக்கு 'எனக்கு' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் 'ஐ' போதும்.

'எ, அன், தி' பற்றிப் பெற்றோர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். அதில் வரும் பிழை பொதுவாகப் பொருளைக் கெடுக்காது. இரண்டு விஷயம் போதும். 'அன்' என்பது எழுத்தைப் பார்த்து வருவதில்லை, ஒலியைப் பார்த்து வருகிறது: அன் அவர் (ஒரு மணி நேரம்), எ யுனிவர்சிட்டி, அன் எம்பிஏ. தொழிலைச் சொல்லும்போது 'எ' விடக் கூடாது: "ஐ ஆம் எ நர்ஸ்". இன், ஆன், அட் மூன்றையும் விதியாகப் படிக்காமல் சொற்றொடராக வாங்கிக்கொள்ளட்டும்: இன் 2022, ஆன் மண்டே, அட் டென், இன் தி மார்னிங், அட் நைட்.

நேர்முகத் தேர்வு என்று வந்தால் நான்கு இடத்தில் உஷார் தேவை. அறிமுகத்தை 'மைசெல்ஃப்' என்று தொடங்க வேண்டாம், "ஐ ஆம்" என்று பெயரைச் சொன்னால் போதும். ஆண்டைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட்: "ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022". ஆண்டைச் சொல்லாவிட்டால்தான் "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்". "மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்ற தமிழ் நிகழ்காலம் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று பேசவைக்கும். சரியானது "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்': சின்ஸ் 2021.

நான்காவது, பலர் கவனிக்காத ஒன்று. "யூ ஹேவன்ட் பிராட் யுவர் சர்டிபிகேட்?" என்று கேட்கிறார்கள். கொண்டு வரவில்லை. தமிழில் "ஆமாம், கொண்டு வரலை" என்போம், அதே நினைப்பில் 'யெஸ்' என்று தலையாட்டினால் கேட்டவர் சான்றிதழ் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேள்வியின் போக்கைப் பார்ப்பதில்லை, நடந்த உண்மையைப் பார்க்கின்றன. கொண்டு வரவில்லை என்றால் "நோ, ஐ ஹேவன்ட்".

நேரம் எப்படி ஒதுக்குவது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம், 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் 'ஆம், இஸ், ஆர்' குடும்பம். அடுத்த நான்கு வாரம் முழுக்க 'டூ, டஸ், டிட்'. இதில் அவசரப்படவே கூடாது, அதிகம் கசிகிற இடம் இதுதான். 7, 8ஆம் வாரங்களில் 'இங்' வடிவமும் 'வில்'லும். 9, 10இல் பிரசென்ட் பெர்ஃபெக்ட். மீதி இரண்டு வாரம் நேர்முகத் தேர்வுக் கேள்விகள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி, பிள்ளை பேசும்போது இடையில் வெட்டித் திருத்தாமல் இருப்பது. வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தினால் மூன்றாவது நாளே வாய் மூடிவிடும். பேசி முடிக்கட்டும், ஒரு தாளில் குறித்துக்கொண்டு பிறகு காட்டுங்கள். அதிலும் அந்த வாரத்துப் பாடத்தில் வந்த பிழையை மட்டும் காட்டினால் போதும்.

வகுப்பில் சேர்ப்பதானால் "30 நாளில் சரளம்" என்ற விளம்பரத்தைத் தாண்டி இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, எந்த நிலைக்கான வகுப்பு? ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள் உண்டு. தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஏ1 வகுப்பு வேண்டும். இரண்டு, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் பேசுவார்? 30 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மிஞ்சுவது ஆளுக்கு ஒரு நிமிடம். வெளிநாட்டுப் படிப்பை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் இலக்கணத்தின் வீச்சுக்கும் சரித்தன்மைக்கும் கால் பங்கு மதிப்பெண்தான். சரளம், சொல்வளம், உச்சரிப்பு மூன்றும் தலா கால் பங்கு. இலக்கணம் முழுதாகச் சரியான பிறகுதான் பேசுவேன் என்று பிள்ளை காத்திருந்தால் மற்ற முக்கால் பங்கும் காத்திருக்கும்.

12ஆவது வார முடிவில் செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்: நேற்று என்ன செய்தேன் என்று ஒன்றரை நிமிடம், பிறகு எதிரில் இருப்பவரிடம் ஐந்து கேள்வி. பதிவைத் திரும்பப் போட்டு, வினை வரும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். வினையே இல்லாத வாக்கியம் எத்தனை, தேவையில்லாத 'ஆம்', 'இஸ்' எத்தனை, காலக்குறி இரண்டு தடவை விழுந்த இடம் எத்தனை என்று மூன்று கணக்கு எடுங்கள். மூன்றும் சேர்ந்து நான்கைத் தாண்டாவிட்டால் செயப்பாட்டுவினைக்கும் 'இஃப்' வாக்கியங்களுக்கும் போகலாம். தாண்டினால் எந்தக் கணக்கு அதிகமோ அந்தப் பகுதிக்கு மட்டும் திரும்பி, இரண்டு வாரம் கழித்து அதே பதிவை மறுபடி எடுங்கள்.