தத்துவ வகுப்பா, நாடக மேடையா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 31. சென்னையில் தத்துவத்தில் முதுகலை முடித்து, இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு பாதியில் நிற்கிறது. மாணவர்களைக் கொண்டு மூன்று நாடகங்கள் எழுதி இயக்கியிருக்கிறேன். கடைசி நாடகத்தைப் பங்காளிகளின் சம்மதத்தோடு எங்கள் பூர்வீக வீட்டு வளவிலேயே (நடு முற்றத்திலேயே) நடத்தினோம். தூண் தூணாக விற்கப்படும் ஒரு வீட்டின் கதை அது. 'எந்தத் தூண் போன பிறகு இது அந்த வீடாக இல்லாமல் போகிறது' என்று ஒரு பேராசிரியர் பாத்திரம் பன்னிரண்டு நிமிடம் பேசும் இடத்தில் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிட்டது. அப்பத்தாவாக நடித்த மாணவி, கதவு கழற்றப்பட்ட நிலைச்சட்டத்தில் மிஞ்சிய ஆணித்துளையை விரலால் தடவிக்கொண்டு நின்றபோது மட்டும் வளவில் ஒரு சத்தமும் இல்லை. துறைத்தலைவர் 'நாடகக்காரிக்கு எதற்கு ஆய்வு?' என்கிறார். அப்பச்சி (அப்பா) 'ரெண்டில் ஒன்றை விடு ஆத்தா' என்கிறார்கள். உதவித்தொகைக்கான வயதும் கடந்துவிட்டது. நாடகத்துக்கே போய்விடட்டுமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசி வரியில் உள்ள பிழையை முதலில் திருத்திவிடுகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான 30 வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. ஆகவே உங்களுக்கு வயது கடந்துவிடவில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்; ஆனால் முழுநேர ஆய்வாளராக இருக்க வேண்டும் என்பதால் இப்போதைய வேலையை விட நேரும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதென்றால் வயது வரம்பே கிடையாது. 2023 ஜூலைக்குப் பிறகு அந்தப் பணிக்கு நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வே அடிப்படை. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் இணைப் பேராசிரியராக உயர அது இல்லாமல் ஆகாது என்பதால், பாதியில் நிற்கும் ஆய்வைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நவீன நாடகத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும்.

'நாடகக்காரி' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அரசு விழாவிலும் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்ற நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. துறைத்தலைவரும் எத்தனையோ முறை அதற்காக எழுந்து நின்றிருப்பார். 42 வயதில் மறைந்துவிட்ட அந்தப் பேராசிரியர், கல்வெட்டு ஆராய்ச்சியையும் தத்துவ வகுப்பையும் விட்டுவிட்டு அந்த நாடகத்தை எழுதவில்லை. நமக்கு நெருங்கிய காலத்தில், வைணவத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, இராமானுசரையே நாடகமாக்கினார். 1999-இல் சரஸ்வதி சம்மான் விருது அந்த நாடகத்துக்குத்தான் கிடைத்தது. ஆய்வு மேசையில் திரட்டியது மேடைக்குப் போனதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆனால் சுந்தரம் பிள்ளையிடமிருந்து ஓர் எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீவக மன்னனை ஆன்மாவாகவும், அமைச்சன் குடிலனை மாயையாகவும், சுந்தர முனிவரைக் குருவாகவும் வைத்து அறிஞர்கள் அந்த நாடகத்துக்குப் பொருள் சொல்வார்கள். பொருள் அழகாகப் பொருந்தவும் செய்யும். எனினும் அது முதன்மையாகப் படிப்பதற்கென்று எழுதப்பட்ட கவிதை நாடகம். நீங்களோ இயக்குநர், உங்கள் வாக்கியம் எந்த இடத்தில் செத்துவிழுகிறது என்பதைப் பார்வையாளர்களின் கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கக் கொடுத்துவைத்தவர். உங்கள் உண்மையான சிக்கல் வகுப்பறையா, மேடையா என்பதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. வகுப்பறையில் பழகிய வாய், மேடையிலும் பாடம் எடுக்கிறது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து பட்டிமண்டபம் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. இரு தரப்பும் சம வலுவோடு வாதாடினாலும், முடிவில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்ற நிம்மதியோடு கேட்பது நம் பழக்கம். உங்கள் பேராசிரியர் பாத்திரம் அந்த நடுவர்தான், அதுவும் கேட்காமலே தீர்ப்புச் சொல்ல வந்த நடுவர். நாடகத்தில் அந்த நாற்காலியை யாருக்கும் போடாதீர்கள்.

அதே ஊரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தை நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் மணலில் துண்டை விரித்துப் படுத்தவன் நான். தர்க்கம் தொடங்கியதும் தூக்கம் போய்விடும். எழுதி வைக்காத கேள்விகள், பாதி சாத்திரம், பாதி குறும்பு. நள்ளிரவு தாண்டியும் சனம் கலையாததற்குக் காரணம் சாத்திரம் அன்று என்பது என் கருத்து. தினைப்புனம் காக்கும் வள்ளிக்கு அந்த ஆள் இடத்தைவிட்டுப் போக வேண்டும். நாரதருக்கோ வந்த காரியம் முடிய வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறக்கிறது. பாரிசில் பள்ளிகளில் தத்துவம் கற்பித்த பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர், இறந்துபோன மூன்று பேரை ஓர் அறையில் அடைத்து 1944-இல் மேடையேற்றியபோது செய்ததும் ஏறக்குறைய இதுவே.

உங்கள் நாடகத்தில் அந்தப் பிடிவாதம் அப்பத்தாவிடம் இருக்கிறது. பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே பொருளா என்ற கேள்வி, கிரேக்கக் கதையின் தீசியசின் கப்பலாகவும், பாகங்களைத் தவிரப் பொருள் என்று ஒன்று உண்டா என்ற அதன் உறவுக் கேள்வி, பௌத்தத் துறவி நாகசேனரின் தேராகவும் உங்கள் பாடத்தில் இருக்கும். நம் ஊரில் அதே கேள்வி பழம்பொருள் கடை வாசலில் சாய்த்து வைத்த பர்மாத் தேக்குத் தூணாக நிற்கிறது. அதை எழுப்ப ஆணித்துளையில் வைத்த விரல் போதும். பன்னிரண்டு நிமிட வசனத்தை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் சேருங்கள். அங்கே அதற்கு மதிப்பும் உண்டு. எழுதிய நாடகத்தைத் தத்துவத் துறையின் பதவி உயர்வுக் கணக்கில் ஆய்வுக் கட்டுரைபோல் ஏற்க மாட்டார்கள் என்பதால், நாடகத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிடுவது ஒரு நல்ல தந்திரம். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால் ஆய்வின் ஓர் இயலையே அப்படி அமைக்கலாம்.

கால அளவைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரு நாடகம் போதும். கோடை விடுமுறையில் எழுதி, முதல் பருவத்தில் ஒத்திகை பார்த்து, தைக்குள் மேடையேற்றிவிட்டால், மாசிக்குப் பிறகு நீங்கள் முழுக்க ஆய்வுக்காரி. அப்பச்சியிடம் இந்தக் கணக்கையே சொல்லுங்கள். செட்டிநாட்டில் ஒரு தகப்பனார் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) கட்டிய திட்டத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டார். துறைத்தலைவருக்குப் பதில் தேவையில்லை. அடுத்த நாடகத்துக்கு அழைப்பிதழ் அனுப்புங்கள்.

வளவு நாடகத்தை இன்னும் ஒரு முறை நடத்துங்கள், இம்முறை பேராசிரியர் இல்லாமல். உங்கள் சொந்த அப்பத்தா இருந்தால், பாயைப் போட்டு முன்னால் உட்காரவைத்து, அந்தக் காட்சி வரும்போது மேடையைப் பார்க்காமல் அவர்களுடைய கையைப் பாருங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.