கூடவே வரும் 'கே'

அன்புள்ள ஐயா,

பார்சிலோனாவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவருக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ரிலேட்டிவ் க்ளாஸ், அதாவது ஒரு பெயரை விவரிக்கும் துணைவாக்கியம், வந்ததும் மாட்டிக்கொண்டோம். விதியை ஒப்பிக்கிறார், பேசும்போது 'ஹூ' வர வேண்டிய இடத்தில் 'தி வுமன் விச் லிவ்ஸ் ஹியர்' என்கிறார். ஸ்பானிஷிலும் இதே அமைப்பு இருக்கிறதே, பிறகு ஏன் இந்தத் தடுமாற்றம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இருப்பதுதான் சிக்கல். ஸ்பானிஷில் ஆளுக்கும் பொருளுக்கும் 'கே' என்ற ஒரே சொல் போதும். ஹூவா விச்சா என்று யோசிக்க வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. அது போகட்டும், பேசப் பேச சரியாகிவிடும்.

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. 'நான் பார்த்த படம்' என்று நாம் இணைப்புச் சொல்லே இல்லாமல் முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் அது 'லா பெலிகுலா கே பி'. அந்தக் கேயை விடவே முடியாது. ஆங்கிலத்தில் 'தி மூவி ஐ சா' போதும். சரி, விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தால் மறுநாள் 'தி மேன் கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்று வந்து நிற்பார். வந்தவரே அந்த வினைக்கு எழுவாய். அங்கே ஹூ இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் வேற்றுமை உருபு. 'நான் பேசின பெண்' என்பதில் 'ஓடு' எங்கே போனது? தமிழ் விழுங்கிவிட்டது. ஸ்பானிஷ் 'லா சீக்கா கொன் லா கே அப்லே' என்று 'ஓடு'க்கு ஈடான 'கொன்'னை 'கே'வுக்கு முன்னாலேயே வைத்துவிடும். ஆங்கிலமோ 'தி கேர்ள் ஐ டாக்ட் டு' என்று வாலில் தொங்கவிடுகிறது. ஸ்பானிஷ் காதுக்கு அது பாதியில் நின்றுபோன வாக்கியம். விதி சொல்லிப் பயனில்லை, வாய் பழக வேண்டும். வீட்டுச் சாமான்களைக் காட்டிக் காட்டிச் சொல்லவையுங்கள்: 'தி சேர் ஐ சிட் ஆன்', 'தி கப் ஐ ட்ரிங்க் ஃப்ரம்'. அன்றாடச் சொற்களும் அதோடு வந்துவிடும்.

சொற்களில் தெரியாதவை பரவாயில்லை, தெரிந்த முகமாக இருப்பவைதான் ஏமாற்றும். 'கார்பேத்தா' காகிதம் வைக்கும் ஃபோல்டர், கார்பெட் அல்ல. 'ரோப்பா' துணிமணி, ரோப் அல்ல. 'கொன்ஸ்திபாதோ' ஜலதோஷம் பிடித்தவர், ஆங்கில 'கான்ஸ்டிபேட்டட்' மாதிரி மலச்சிக்கல்காரர் அல்ல. இதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். லண்டன் பக்கம் போனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மலச்சிக்கல் மாத்திரையோடு திரும்பி வரப்போகிறார்.