ஒரே இட்லி, இரண்டு அளவு: சர்க்கரையும் பரம்பரையும் கேள்வி பதில்

கல்லூரியில் மரபியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மற்றதைக் கேட்கலாம்.

சார், நானும் வீட்டுக்காரரும் ஒரே சாப்பாடுதான். அவருக்கு மட்டும் சுகர் ஏறுகிறது. ஏன்?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் ஆளுக்கு மூன்று இட்லி, ஒரே சட்னி சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் எனக்கு 182, அவளுக்கு 124. மிஷின் கோளாறு என்று நான் மறுபடி குத்திக்கொண்டேன். 179!

2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேருக்கு ஒரு வாரம் சர்க்கரையை அளக்கும் சென்சார் மாட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை ஏற்றியது, பிஸ்கட் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு அப்படியே தலைகீழ். கணையம் எவ்வளவு சீக்கிரம் இன்சுலினை விடுகிறது, தசை அதற்கு எவ்வளவு இணங்குகிறது என்பதில் ஜீனுக்குப் பங்கு உண்டு. குடலில் இருக்கும் பாக்டீரியா, முந்தின இரவுத் தூக்கம், காலையில் நடந்தீர்களா என்பதெல்லாம் மீதி. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்குக்கூட ஒரே அளவு வருவதில்லை. அதனால் அடுத்த வீட்டுக்காரரின் உணவுப் பட்டியலை நான் நம்புவதில்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் சுகர். எனக்கு 31 வயது. வந்தே தீருமா?

வந்தே தீரும் என்பதில்லை. வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாழ்நாளில் சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 70 என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையில் ஒற்றை ஜீன் கிடையாது, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பலமானது டிசிஎஃப்7எல்2, 2006-இல் ஐஸ்லாந்தில் கண்டுபிடித்தது. அதன் கெட்ட வடிவம் இரு பக்கமிருந்தும் வந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவில் பார்த்தபோது, எடையைக் குறைத்து நடைப்பயிற்சி செய்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

எச்சிலைக் குழாயில் அனுப்பினால் சர்க்கரை வருமா என்று சொல்கிற டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். உங்கள் அப்பாவின் பழைய ரிப்போர்ட் அதைவிட உருப்படியாகச் சொல்லும்.

நான் 58 கிலோ, ஒல்லி. எனக்கு எப்படி வந்தது?

புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். புனேயில் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகளிடமே இந்த அமைப்பைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பழியை முழுக்க ஜீன்மேல் போட முடியாது, கருவில் கிடைத்த சத்துக்கும் பங்கு உண்டு. தராசை விட்டுவிட்டு இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

தம்பிக்கு 17 வயதில் சுகர், இன்சுலின் போடுகிறான். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இளவயதிலேயே வந்ததாம். இதுவும் அதே வகையா?

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக இளவயதில் வந்தால் ‘மோடி’ வகையாக இருக்கலாம் (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், மருத்துவச் சுருக்கம்தான்). இதில் ஒற்றை ஜீன்தான் காரணம், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜிசிகே ஜீனில் கோளாறு என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை லேசாக ஏறி அங்கேயே நிற்கும், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. எச்என்எஃப்1ஏ என்றால் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை நன்றாகக் கேட்கும், சிலர் இன்சுலினையே விட்டிருக்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரையா (உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பது) என்று பிரித்துப் பார்க்க ஆன்டிபாடி, சி-பெப்டைடு (உடல் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனைகள் உண்டு. அதெல்லாம் முடியும் வரை இன்சுலினை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாத்தா, அப்பா, அத்தை, சித்தப்பா என்று யாருக்கு எந்த வயதில் தெரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.